கோழிகள் மிரளாத மசூர்கா

எங்கள் வீட்டில் யாரும் காலைத் தொப்பென்று வைத்து நடக்கமாட்டார்கள். வருகிற விருந்தாளிகள் இதைப் பார்த்துவிட்டு, என்ன அடக்கமான குடும்பம் என்று மெச்சிக்கொண்டு போவார்கள். அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வீட்டுச் சுவரிலிருந்து முப்பது அடி தள்ளி முதல் ஷெட். அதற்குள் முட்டைக்கோழிகள். ஆண்டவன் படைத்ததிலேயே அதிகம் பயப்படுகிற பிராணி கோழிதான். அடுப்படியில் ஒரு தட்டு விழுந்தால் போதும், ஒரு கோழி மிரளும். அது ஏன் மிரண்டது என்று கேட்காமலே பக்கத்துக் கோழி மிரளும். அரை நிமிடத்தில் ஷெட் முழுக்கச் சிறகடிப்பு. மறுநாள் ஓடில்லாத தோல்முட்டையாக விழும், அல்லது விழாமலே போகும்.

ஆகையால் எங்களுக்குத் தீபாவளிக்கு வெடி கிடையாது. கம்பி மத்தாப்பு உண்டு, அதுவும் வீட்டுக்கு மேற்கே போய்த்தான் கொளுத்த வேண்டும். குக்கர் விசிலடிக்கப் போகும் நேரம் பார்த்து அம்மா அடுப்பைத் தணித்துவிடுவாள். தும்மல் வந்தால் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்பா தும்மும்போது அவர் உடம்பு மட்டும் குலுங்கும், சத்தம் வராது. மோகனூர் சாலையில் பண்ணை வைத்திருந்த எல்லோருமே கொஞ்சம் இப்படித்தான் என்றாலும், அப்பா அளவுக்குக் கோழிக்கு மரியாதை கொடுத்தவர் வேறு யாரும் இல்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு கீபோர்டு வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. நாமக்கல் பக்கத்தில் லாரி ஓட்டுகிறவர்கள் வடக்கே போவது வழக்கம். மாமா மேற்கே போனார். ஏஜெண்ட் ஒருவரைப் பிடித்துப் போலந்து நாட்டுக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டப் போனவரை, முதல் வருடம் ஒரு குடோனில் பெட்டி தூக்க வைத்தார்கள். இது அம்மாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் வருடம்தான் லாரி கிடைத்தது. முதல் விடுமுறைக்கு அவர் வருகிறார் என்றதும் சொந்தபந்தமெல்லாம் சாக்லேட்டையும் சென்ட்டையும் எதிர்பார்த்துக் காத்திருக்க, அவரோ என் உயரத்துக்கு ஒரு அட்டைப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அங்கே அவர் குடியிருந்த வீட்டுக்காரம்மா வீட்டைக் காலி செய்தபோது தூக்கிப்போட இருந்த பழைய கீபோர்டு. ஹெட்போன் செருகுகிற ஓட்டை போலந்திலேயே பழுதாகியிருந்தது. அதாவது, வாசித்தால் ஊருக்கே கேட்கும்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அந்தக் கீபோர்டின் மேல் எனக்கு உயிர். மெல்லப் பேசி, மெல்ல நடந்து, மெல்லத் தும்மி வளர்ந்த பிள்ளைக்கு ஒரு கட்டையை அமுக்கினால் சத்தம் வருகிறது என்பதே பெரிய அதிசயமாக இருந்தது. நாமக்கல்லில் லாரி டயர் கடை ஒன்றின் மாடியில் ஒரு மாஸ்டர் வகுப்பு நடத்தினார். கல்யாணக் கச்சேரிகளில் சினிமாப் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர். அவரிடம் சேர்த்துவிட்டார்கள். கீழே டயர் உருட்டுகிற சத்தத்துக்கு மேலே நான் ச, ரி, கவுக்குப் பதிலாக சி, டி, ஈ படித்தேன்.

ஒரு வருடம் போனதும் மாஸ்டர் எங்களை லண்டன் பரீட்சைக்குப் பணம் கட்டச் சொன்னார். லண்டனிலிருந்து புத்தகம் வரும், சென்னையிலிருந்து தேர்வாளர் வருவார், சேலத்தில் பரீட்சை. அப்பா யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பாஸ் செய்தால் கீபோர்டு தொடரலாம். இல்லையென்றால் ஏழாம் வகுப்பிலிருந்து அது பரணுக்குப் போகும், சாயங்காலம் கணக்கு டியூஷன். எங்கள் ஊரில் டியூஷனை யாரும் தண்டனை என்று நினைப்பதில்லை. வெயில் மாதிரி, அது எல்லோர் மேலும் அடிக்கும். ஆனால் அந்தக் கீபோர்டு பரணுக்குப் போவதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பரீட்சைக்கு மூன்று பாடங்கள். முதல் இரண்டும் சாது. மூன்றாவது ஒரு மசூர்கா.

புத்தகத்தின் ஓரத்தில் கட்டம் கட்டி நான்கு வரி போட்டிருந்தது. மசூர்கா என்பது போலந்து நாட்டு மக்களின் நடனம். மூன்று அடித் தாளம். அழுத்தம் முதல் அடியில் விழாமல் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ விழும். மாஸ்டர் அதை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். மூன்று அடித் தாளம் என்று அவருக்குத் தெரிந்தது கீபோர்டிலேயே இருந்த ஒரு பொத்தான்தான். அதை அமுக்கினால் பூம்-சக்-சக், பூம்-சக்-சக் என்று தானாக ஓடும். அதில் முதல் அடிதான் பூம். லண்டன்காரர்கள் பூமைக் கடைசியில் வைக்கச் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். "புக்குல போட்டுருக்குது, அழுத்து பாப்பா" என்றார். அவருக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்றாவது அடியில் ஓங்கி ஒரு குத்து. முதல் ஷெட்டில் கலவரம். அப்பா தீவன வாளியைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார். ஓடிவந்தார் என்றால் சத்தமில்லாமல்தான். ஒரு வருடமாகக் கேட்டுப் பழகி, வேறெந்தப் பாட்டுக்கும் மிரளாத கோழி இதற்கு ஏன் மிரள்கிறது என்று அவரே இரண்டு நாள் ஷெட் வாசலில் நின்று கவனித்துக் கண்டுபிடித்தார். முதல் இரண்டு பாடங்களையும் கோழிகள் கண்டுகொள்ளவில்லை. அவற்றில் அடி எங்கே விழும் என்று கோழிக்கே தெரிந்துவிடுகிறது. மசூர்காவில் எதிர்பாராத இடத்தில் விழுகிறது. "அந்த மூணாவதை மட்டும் உட்டுரு சாமி. மத்ததெல்லாம் வாசி, நல்லாத்தான் இருக்குது" என்றார்.

மூன்றாவதை விட்டேன். கோழிகள் அமைதியடைந்தன. மசூர்கா செத்துப்போனது. அதை வாசித்தால் எனக்கே கொட்டாவி வந்தது. மாஸ்டர், இப்படி வாசித்தால் பாஸ் மார்க்கு வராது என்று கையை விரித்துவிட்டார். வகுப்பில் அழுத்தினால் வீட்டில் மறந்துவிடுகிறது, வீட்டில் அழுத்தினால் முட்டை குறைகிறது. பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் மாமா இரண்டாவது விடுமுறைக்கு வந்தார். மாமா சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு மீதியைப் பாதியாக நம்ப வேண்டும் என்பது அம்மாவின் கருத்து. நான் வாசிப்பதைச் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டவர், இதன் பெயர் என்ன என்றார். சொன்னேன். சோற்றுக் கையோடு எழுந்து வந்து புத்தகத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது மசூர்காவா? அம்மிணி, இது ஆட்டம். நீ தாலாட்டுப் பாடிட்டு இருக்கற."

கூட வேலை செய்த ஒரு டிரைவரின் தங்கை கல்யாணத்துக்கு அவர் ஒரு போலந்துக் கிராமத்துக்குப் போயிருந்தாராம். சமதரையான வயல்காடு, நம் மோகனூர்ப் பக்கம் மாதிரியே, கரும்புக்குப் பதிலாகக் கிழங்கு. சர்ச்சில் எல்லோரும் கை கட்டி நின்றார்களாம். சாப்பாடு முடிந்ததும் ஒரு கிழவர் வயலினை எடுத்தாராம், ஒரு பையன் மேளத்தை எடுத்தானாம். அவ்வளவுதான், எந்த மேசையில் யார் இருந்தார்கள் என்று தெரியாதபடி ஜோடி ஜோடியாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்களாம். குதிகாலால் தரையில் ஒரு மிதி, ஒரு சுற்று, மறுபடி மிதி. ஓரமாக நின்ற மாமாவை அவரைவிட ஒன்றரை மடங்கு இருந்த ஒரு அம்மா கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சுற்றியதில், மூன்றாவது சுற்றில் அவர் கண்ணுக்குக் கொல்லிமலை தெரிந்ததாம். ஒற்றைச் செருப்பு மறுநாள்தான் கிடைத்ததாம்.

அம்மாவின் முறைப்படி நான் முக்கால் பங்கைக் கழித்தேன். பின்னாளில் படித்துப் பார்த்தபோதுதான், அன்றைக்கு மாமா செருப்பைத் தவிர வேறெதையும் கூட்டிச் சொல்லவில்லை என்று தெரிந்தது. மசூர்கா அந்தச் சமவெளிக் குடியானவர்களின் ஆட்டம். அது ஒரே ஆட்டமும் இல்லை, ஒரு குடும்பம். நிதானமானது ஒன்று, தலை தெறிக்கச் சுற்றுவது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. கிராமத்திலிருந்து அது ஜமீன் மாளிகைகளுக்கு ஏறியது. பிறகு அந்த நாட்டில் பிறந்து, இளவயதிலேயே பிரான்சுக்குப் போய், திரும்பி வரவே முடியாமல் போன ஒரு பியானோ மேதை, ஐம்பதுக்கும் மேற்பட்ட மசூர்காக்களை எழுதிவைத்தார். அவற்றுக்கு யாரும் ஆடுவதில்லை. நம் ஊரில் நூறு பெண்கள் ஒரே நிறச் சேலை கட்டிக்கொண்டு ஆடுகிறார்களே வள்ளி கும்மி, அதை ஒரே ஒருவர் உட்கார்ந்து வாசிக்க, மற்றவர்கள் நாற்காலியில் அசையாமல் அமர்ந்து, இரண்டு பாட்டுக்கு நடுவில் மட்டும் இருமிக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்கத்திய செவ்வியல் இசையில் மசூர்காவின் நிலைமை அதுதான். ஆனால் கால் அதற்குள்ளேயேதான் இருக்கிறது. அந்தக் காலைப் பார்க்காதவர்கள் வாசித்தால் என்னுடைய தாலாட்டு மாதிரிதான் இருக்கும்.

நான் காலைப் பார்க்க வேண்டும் என்று மாமா முடிவு செய்தார். இடம் தீவனக் குடோன். மக்காச்சோள மூட்டைகள் அடுக்கியிருந்ததால் சத்தம் வெளியே அதிகம் போகாது. கோடை விடுமுறை, பள்ளிக்கூடம் இல்லை. நேரம் மதியம் மூன்று மணி, வெயிலுக்குக் கோழிகள் கண்ணைச் சொருகிக்கொண்டிருக்கும் நேரம். கீபோர்டை ஒரு மூட்டையின் மேல் வைத்தேன். ஒரு சிக்கல்தான் இருந்தது. மசூர்காவுக்கு ஜோடி வேண்டும்.

மாமா முதலில் அம்மாவைக் கேட்டார். அம்மா கையில் இருந்த கரண்டியைக் காட்டினாள். குடோனில் ஏதோ நடக்கிறது என்று எட்டிப் பார்க்க வந்த அப்பா மாட்டிக்கொண்டார்.

"மச்சான், வாங்க. நாலே நாலு சுத்து."

"ஏன் மாப்ள, வெயில்ல மண்டை காஞ்சுபோச்சா?"

"பாஸ் பண்ணாட்டி பரணுக்கு ஏத்தீருவேன்னு சொன்னது நீங்கதானுங்க? மூணாவதை உட்டுருன்னு சொன்னதும் நீங்கதானுங்க? ரெண்டையும் நீங்களே சொன்னா புள்ள என்னதான் பண்ணும்?"

அப்பா என்னைப் பார்த்தார். என் முகம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கையிலிருந்த தீவன முறத்தைக் கீழே வைத்தார், சத்தமில்லாமல். லுங்கியை மடித்துக் கட்டினார். "கதவைச் சாத்து" என்றார்.

அதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்காது. இரண்டு ஆண்கள், இரண்டு மீசைகள். மாமா பொண்ணு வேடம் என்பதால் ஈரிழைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். அப்பாவின் கை மாமாவின் கையைப் பிடித்திருந்த விதம், தடுப்பூசி போடும்போது கோழியைப் பிடிக்கிற விதம். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணுல மிதிக்கோணும்" என்றார் மாமா. நான் வாசிக்க ஆரம்பித்தேன்.

மாமா மிதித்தார். அவருடைய மிதியைப் பார்த்து என்னால் வாசிக்க முடியவில்லை. அவர் பார்த்தது தலை தெறிக்கச் சுற்றுகிற வகை. என் பாடமோ நிதானமான வகை. நான் ஒரு வரி முடிப்பதற்குள் அவர் மூன்று சுற்று சுற்றிவிட்டு மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதனால் நான் அப்பாவின் காலைப் பார்த்தேன்.

அப்பாவால் மிதிக்க முடியவில்லை. இருபது வருடம் கோழிகளுக்கு நடுவில் நடந்த கால் அது. ஒன்று, இரண்டு என்று ஒழுங்காக வரும். மூன்றுக்குக் கால் மேலே எழும். எழுந்த கால் அப்படியே நிற்கும். பக்கத்து ஷெட்டில் கோழி இருக்கிறது என்பது தலைக்கு மறந்தாலும் காலுக்கு மறக்காது போலிருக்கிறது. "மிதிங்க மச்சான்!" என்று மாமா கத்துவார், அதுவும் கிசுகிசுப்பாக. அரைக் கணம் அந்தரத்தில் தயங்கிவிட்டு, முதலில் விரல், பிறகு குதிகால் என்று இறங்கும். சத்தம் இருக்காது. ஆனால் மொத்த உடம்பின் பாரமும் அந்த இடத்தில்தான் விழும், தோள்கூட ஒரு விரல்கடை இறங்கும். நான் கண்ணை எடுக்காமல் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு, அது இறங்கும்போது என் விரலை இறக்கினேன். அது தயங்கியபோது நானும் தயங்கினேன்.

கதவு திறந்தது. அம்மா மோர் கொண்டுவந்திருந்தாள். தன் புருசனும் தம்பியும் கைகோத்து நிற்பதைப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்களுக்குமா?" என்று மட்டும் கேட்டாள். செம்பை மூட்டை மேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஷெட்டில் ஒரு கோழிகூட மிரளவில்லை. அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்கு ஆட்டம் நடந்தது. நான்காவது நாள் முட்டை ஏற்ற வந்த ஆட்கள் குடோனின் மேல் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் டீக்கடையில், பண்ணைக்காரருக்குச் சாமி வந்திருக்கிறது, ஆனால் மெதுவாக வருகிறது என்று பேச்சாகிவிட்டது. அத்தை வெண்ணந்தூரிலிருந்து போன் செய்து, எந்தச் சாமி என்று விசாரித்தார். எலுமிச்சம்பழம் மந்திரித்து அனுப்பட்டுமா என்று கேட்டார். ஊரில் நாலு பேருக்கு நல்லது கெட்டது சொல்லுகிற மனிதர் அப்பா. இனி குடோன் பக்கமே வரமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் மூன்று மணிக்கு ஒரு சாக்கோடு வந்து, ஏணி வைத்து ஏறி, மேல் சன்னலை மறைத்துக் கட்டினார். இறங்கி லுங்கியை மடித்துக் கட்டினார். மாமாவின் விடுமுறை முடிகிற வரை ஒரு நாளும் தவறவில்லை.

மாமா போலந்துக்குத் திரும்பிப் போனார். கடைசி வகுப்பில் மாஸ்டரிடம் மசூர்காவை வாசித்துக் காட்டினேன். அழுத்தம் வந்துவிட்டது என்று முதலில் சந்தோஷப்பட்டார். அப்புறம் டக் டக் என்று தாளக் கருவியை ஓடவிட்டதும் முகம் மாறிவிட்டது. மூன்றாவது அடிக்கு முன்னால் நான் நிற்கிறேன். கருவி முன்னால் போய்விடுகிறது. "தாளம் தப்புது பாப்பா. இதென்ன புதுப் பழக்கம்? ஆரு சொல்லிக் குடுத்தது?" என்றார். நிற்காமல் வாசிக்க முயன்று பார்த்தேன். விரல் கேட்கவில்லை. அந்த இடம் வந்தாலே கண் முன்னால் ஒரு கால் அந்தரத்தில் நின்றது. பரீட்சைக்கு மூன்று நாள்தான் இருந்தது. சரிதான், பரண்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சேலத்துக்கு அப்பாதான் கூட்டிப்போனார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மாடியில் பரீட்சை அறை. வெளியே இருந்த பெஞ்சுகளெல்லாம் நிரம்பிவிட்டதால் அப்பா கதவை ஒட்டிச் சுவரில் சாய்ந்து நின்றார். அந்தக் கதவு சரியாகச் சாத்தாது. நான் உள்ளே போய் உட்கார்ந்தபோது இடுக்கில் அவர் வேட்டியின் கரை தெரிந்தது. தேர்வாளர் ஒரு பெரியம்மா, பருத்திப் புடவை, சங்கிலி போட்ட கண்ணாடி. சிரிக்கவில்லை. முதல் பாடம் வாசித்தேன், எழுதினார். இரண்டாவது வாசித்தேன், எழுதினார். மசூர்கா வாசிக்க ஆரம்பித்தபோது எழுதுவதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணாவது பீட்டுக்கு முன்னாடி கொஞ்சம் நின்னு வரியே. அது புக்ல கிடையாது. யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

அதட்டவில்லை. ஆனால் மூன்று நாள் முன்னால் மாஸ்டர் கேட்ட அதே கேள்வி. அது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யார் பெயரைச் சொன்னாலும் அவரைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். முந்தைய வருடம் பள்ளிக்கூடத்தில் எனக்கு மார்க்கு குறைந்தபோது, தலைமை ஆசிரியை அப்பாவை நிற்கவைத்து இங்கிலீஷில் பேசினார். ஒரு வார்த்தை புரியாமல் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டு நின்றார். அதை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது. மாஸ்டர் என்றால் வாங்கட்டும், அவருக்கு இங்கிலீஷ் தெரியும்.

"எங்க மாஸ்டருங்க மிஸ்" என்றேன்.

"வேற யாரும் இல்லையா? வீட்ல யாராவது?"

இன்னும் சத்தமாகச் சொன்னேன். "ஊட்ல ஆருக்கும் ஒண்ணுந் தெரியாதுங்க மிஸ். மாஸ்டர் மட்டுந்தானுங்க."

அந்த அம்மா தலையாட்டிவிட்டு நிறைய எழுதினார். அப்பாவைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு வெளியே வந்தேன். அப்பா சுவரைவிட்டு நிமிர்ந்து, "கை நோவுதா சாமி?" என்றார். பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் தட்டுவடை செட் இரண்டு வாங்கித் தந்தார். வழியெல்லாம் அதிகம் பேசவில்லை. எப்போதும் அதிகம் பேசுகிறவரும் இல்லை என்பதால் நான் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. டயர் கடை மாடியில் மாஸ்டர் உறையைப் பிரித்தார். பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். பாஸ் மட்டுமில்லை, மாஸ்டரின் மாணவர்களிலேயே அதிக மார்க்கு. கீழே தேர்வாளர் எழுதியிருந்ததை மாஸ்டர் உரக்க வாசித்து, அப்பாவுக்காகத் தமிழிலும் சொன்னார். அந்த மூன்றாவது அடிக்கு முன்னால் வருகிற தயக்கம்தான் மசூர்காவின் உயிர், பெரிய வித்வான்களுக்கே அது லேசில் வருவதில்லை, இந்த வயதில் இந்தப் பிள்ளைக்கு அதைக் கற்றுக்கொடுத்த ஆசிரியரைப் பாராட்டுகிறேன். மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும் பாராட்டு என்பது புரிந்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "நாங்கூடச் சொல்லிச் சொல்லிப் பார்த்தனுங்க, கடைசில புடிச்சுக்கிட்டா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தப்பு என்று நான் மறைத்தது சரியாக இருந்திருக்கிறது. ஆனால் இப்போது உண்மையைச் சொன்னால் தேர்வாளரிடம் பொய் சொன்னது வெளியே வரும், மார்க்கைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்தேன். வாயை மூடிக்கொண்டேன். அப்பா மாஸ்டரைப் பார்த்துக் கும்பிட்டு, "ரொம்ப நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கறீங்க" என்றார்.

மறுநாள் காலையில் பெரிய முட்டையாகப் பொறுக்கி எடுத்து ஒரு அட்டை நிறைய அடுக்கினார். கயிறு போட்டுக் கட்டி என்னிடம் கொடுத்து, "மாஸ்டருக்குக் குடுத்துட்டு வா சாமி. உடைச்சுப்போடாம கொண்டுபோ" என்றார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்ற சந்தோஷத்தில் நானும் பாட்டுப் பாடாத குறையாக எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

பரீட்சை நாளில் அப்பா கதவை ஒட்டித்தான் நின்றார் என்பது எனக்குத் தெரியும், வேட்டிக் கரையைப் பார்த்தேன். கடைசி ஷெட்டின் கோடியில் ஒரு கோழிக்கு மூச்சு இழுத்தாலும் வீட்டு வாசலில் இருந்தபடியே சொல்லிவிடுகிற காது அவருக்கு என்பதும் தெரியும். இரண்டும் அப்போதே எனக்குத் தனித்தனியாகத் தெரிந்திருந்தன. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குப் பத்து வருடம் ஆயிற்று.